அலமாரிக்கு அடியில் ஒரு டிராயர்

போன மாதம் அம்மாவின் மர அலமாரி தங்கை வீட்டுக்குப் போய்விட்டது. உள்ளே இருந்தவை வேறிடத்துக்கு மாறிவிட்டன. அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. அலமாரிக்கு அடியில் நான் செய்த மறைவு டிராயர் மூன்றாவது முயற்சியில் ஒழுங்காக வேலை செய்தது. முதல் முயற்சி அலமாரியிலேயே இல்லை, சுவரில். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன், காசும் புழுதியும் அதில்தான் அதிகம்.

தேவை சின்னது. நகையில் பெரும்பகுதி வங்கி லாக்கரில்தான் இருக்கிறது. ஆனால் முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமையே எடுத்து வந்துவிட வேண்டும், திரும்பக் கொண்டுபோய் வைக்கச் செவ்வாயோ புதனோ ஆகிவிடும். அந்த நான்கைந்து நாளும் அம்மாவுக்குத் தூக்கம் இருக்காது. ஒரு நாள் அரிசி டிரம்மில், மறுநாள் பழைய குக்கருக்குள். ஒரு முறை எங்கே வைத்தோம் என்று அவருக்கே மறந்து, வீட்டையே கவிழ்த்துத் தேடினோம். அதோடு வீட்டுப் பத்திரம், பட்டா, அப்பாவின் பழைய காகிதங்கள்.

தாத்தா நெல் வியாபாரம் பார்த்தவர். அவருடைய கல்லாப் பெட்டிக்குப் பொய்யான அடித்தளம் உண்டு. சில்லறை போடும் கிண்ணப் பலகையை எடுத்துவிட்டு ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் எழும்பும். சின்ன வயதில் நானும் தங்கையும் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அதைக் கண்டுபிடித்தோம். வெளியே பெட்டியின் உயரம் பத்தரை அங்குலம், உள்ளே ஆழம் எட்டு. மிச்சம் எங்கே போனது? மறைவறை எதுவானாலும் இந்த ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்ளும். அதனால் யாரும் அளக்க நினைக்காத இடம் வேண்டும் என்று மட்டும் மனதில் இருந்தது. சுவரை யார் அளக்கப் போகிறார்கள் என்று அங்கேயே தொடங்கினேன். 2020 ஆகஸ்ட்.

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம், 1987இல் அப்பா கட்டியது. வெளிச்சுவர்களும் கூடத்துச் சுவரும் 9 அங்குலம், மற்ற தடுப்புச் சுவர்கள் நாலரை. நாலரையில் குடைந்தால் அடுத்த அறை தெரிந்துவிடும். ஆகவே அம்மா அறையின் மேற்குச் சுவர். 14 அங்குல அகலம், 10 அங்குல உயரம், மூன்றரை அங்குல ஆழம் என்று பென்சிலால் கட்டம் போட்டேன். மேலே ஒரு கண்ணாடி மாட்டி, அதையே கதவாக்குவது திட்டம்.

சுவிட்ச் போர்டிலிருந்து பைப் நேர் மேலே போகும், இல்லையென்றால் நேர் குறுக்கே போகும் என்று படித்திருந்தேன். போர்டுக்கு நேர்மேலே இல்லாத இடமாகப் பார்த்து, பக்கத்தில் இரண்டடி தள்ளித்தான் கட்டம் போட்டேன். மெயினையும் அணைத்துவிட்டேன், அது ஒன்றுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம். 4 அங்குல கிரைண்டரில் டைமண்ட் பிளேடு போட்டு நான்கு பக்கமும் கோடு கிழித்து, நடுவில் உளியால் செங்கல்லை உடைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது கல்லில் உளி மெத்தென்று இறங்கியது. பி.வி.சி. பைப். வீட்டுக்கு மறுபடி வயரிங் செய்தவர் பைப் மிச்சம் பிடிக்கக் கோணலாகக் குறுக்கே இழுத்திருக்கிறார். பைப் பிளந்தது, வயர் தப்பியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வளைத்துவிட 600 ரூபாய். சுவருக்குள் வயர் தேடும் கருவி ஒன்று இருக்கிறது, அதை அதற்கப்புறம்தான் வாங்கினேன்.

புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிரைண்டர் வைக்கும் முன் சுவரை நனைத்தேன், கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். அப்படியும் சமையலறை அடுக்கில் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளருக்குள் செங்கல் தூள். சத்தமோ தெருமுனை வரை. பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்று, "என்ன தம்பி, ஏசி போடறியா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு இரண்டு மாதம் ஏசி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில், அவர்களை ஒளித்து வைக்கப் பெரிய வீடுகளின் சுவருக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் அறை கட்டிக் கொடுத்தவர் நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர். பகலில் எல்லோரும் பார்க்க அந்த வீட்டில் ஏதாவது சாதாரண வேலை செய்வாராம். ரகசிய வேலை ராத்திரியில், தனியாக. 1606இல் லண்டன் டவர் கோட்டைச் சிறையில் சித்திரவதை செய்து கொன்றார்கள், ஓர் இடத்தையும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. வெறும் உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு கல்லை அவர் எப்படிச் சத்தமில்லாமல் குடைந்தார் என்று அந்த வாரம் பலமுறை யோசித்தேன்.

குழிக்குள் வைக்கத் தகரப் பட்டறையில் 20 கேஜ் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) பெட்டி, 650 ரூபாய். சுற்றிச் சிமென்ட் கலவை, மேல் ஓரத்தில் செங்கல் இறங்காமல் ஓர் இரும்பு ஆங்கிள், அப்புறம் பட்டி, பெயின்ட். கண்ணாடிச் சட்டத்தை இடப்பக்கம் பியானோ கீலிலும் (ஓரம் முழுக்க ஓடும் நீளமான கீல்), வலப்பக்கம் 20 மி.மீ. காந்தங்கள் நான்கிலும் நிறுத்தினேன். முதல் வாரம் பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் வாரம் வலது ஓரத்தில், அம்மா விரல் வைத்து இழுக்கும் இடத்தில், சுவரில் வட்டமாக எண்ணெய்க் கறை. 'இங்கே இழு' என்று எழுதி வைத்தது மாதிரி.

அதையாவது துடைத்துவிடலாம். நவம்பரில் மழை பிடித்தது. மேற்குச் சுவர் சாரல் வாங்கும் சுவர். ஒன்பது அங்குலத்தில் நான் பாதியைக் குடைந்து எடுத்துவிட்டேன், மிச்சமிருந்த ஒற்றைக்கல் வழியே ஓதம் உள்ளே வந்தது. டிசம்பரில் திறந்தபோது பட்டா நகலில் பச்சையாகப் பூஞ்சணம், பெட்டியின் மூலையில் உப்புப் பூத்திருந்தது. நல்லவேளை, மூலப் பத்திரத்தை அதுவரை வைக்கவில்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு ஒரே வரிதான் சொன்னார். "மழை பாக்காத செவுரா பாத்து வச்சிருக்கணும் தம்பி." கூடத்துக்கும் அறைக்கும் நடுவிலுள்ள 9 அங்குலச் சுவர் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

சுவர்க் கணக்கு: பெட்டி 650, பிளேடு 220, எலக்ட்ரீஷியன் 600, சிமென்ட் மணல் 200, பட்டியும் பெயின்ட்டும் 780. மொத்தம் 2,450. கண்ணாடியைக் கழற்றிவிட்டோம். இப்போது அது வெறும் மாடம். அம்மா மூக்குக்கண்ணாடியும் தைலப் புட்டியும் வைத்துக்கொள்கிறார். இந்த வீட்டிலேயே மிகவும் உபயோகமான ஓட்டை அதுதான் என்று அவர் சொல்வதில் பாராட்டு எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கோடையில், 2021 ஏப்ரலில், அலமாரியைக் குனிந்து பார்த்தேன். மூன்று கதவு, ஆறடி அகலம், 22 அங்குல ஆழம், எல்லாம் 18 மி.மீ. பிளைவுட். அடியில் 100 மி.மீ. உயரத்துக்கு, தரையோர இடைவெளியை மூடும் ஸ்கர்ட்டிங் பட்டை, அதற்குப் பின்னால் வெறும் காற்று. அலமாரியை எடுத்துவந்த நாளிலிருந்து அந்த இடத்தைக் கரப்பான் தவிர யாரும் பயன்படுத்தவில்லை. பட்டை கதவிலிருந்து 50 மி.மீ. உள்தள்ளி இருப்பதால் அதன் மேல் எப்போதும் நிழல். இதைவிட என்ன வேண்டும்?

முதல் சிக்கல், பட்டை ஆறடிக்கு ஒரே துண்டு. நடுவில் மட்டும் வெட்டினால் இரண்டு கோடு தெரியும். நாள் முழுக்க யோசித்தேன், மைக்கா (பலகை மேல் ஒட்டும் மெல்லிய நிற ஷீட்) ஒட்டி மறைக்கலாமா, மெழுகு தேய்க்கலாமா என்று. கடைசியில் எனக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கும் பெரியவர்தான் கதவுகளைக் காட்டினார். கதவுக்கும் கதவுக்கும் நடுவே ஏற்கெனவே கோடு இருக்கிறது. பட்டையையும் அதே நேரில் மூன்றாக வெட்டிவிட்டால் கதவின் கோடு தரை வரை இறங்கியது போலத்தான் தெரியும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூன்று துண்டில் இரண்டு அசையாது, நடுத்துண்டு டிராயரின் முகம். கோட்டை ஒளிப்பதற்காக நான் வீணாக்கிய நாளுக்கு இதுதான் பதில்.

பட்டையை நெம்பி எடுக்கும்போது மைக்கா சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அதே நிறம் இப்போது வருவதில்லை என்றார்கள் கடையில். வேறு வழியில்லாமல் அடர் பழுப்பில் முழு ஷீட் ஒன்று, 1,250 ரூபாய், மூன்று துண்டுக்கும் புதிதாக ஒட்டினேன். ஷீட்டில் முக்கால்வாசி இன்னும் பரணில் இருக்கிறது.

அளவில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன், செய்பவர்களுக்கு உதவும். அலமாரியை அடியில் தாங்கும் தாங்கு கட்டைகள் இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் 592 மி.மீ. டிராயர் வழுக்கி ஓடும் இரும்புத் தடமான டெலஸ்கோபிக் சானலுக்குப் பக்கத்துக்கு 13 மி.மீ. வேண்டும். ஆகவே டிராயரின் வெளி அகலம் 566. 12 மி.மீ. பிளைவுட்டில் 70 மி.மீ. உயரப் பக்கங்கள், 6 மி.மீ. அடிப்பலகை, 18 அங்குல சானல், எல்லாம் செய்து மாட்டினால் பாதி வரை வழுக்கிக்கொண்டு போய் அங்கேயே இறுகி நின்றது. டேப்பைப் பின்னால் விட்டு அளந்தேன். 587. கட்டைகள் பின்பக்கம் 5 மி.மீ. குறுகியிருந்தன. மூலைமட்டத்தை ஒரு முறை வைத்துப் பார்த்திருந்தால் போதும். டிராயரைப் பிரித்து 561க்குக் குறைத்து, முன்பக்கம் சானலுக்குப் பின்னால் மைக்காத் துண்டுகளை அண்டை கொடுத்தேன். அதன்பின் ஒற்றை விரலில் ஓடியது.

இன்னொன்று. 100 மி.மீ. உயரத்துக்குள் டிரில் நுழையாது. அலமாரியின் நடு அடிப்பலகையைக் கழற்றி மேலிருந்துதான் சானலைப் பொருத்த முடிந்தது. வேலை முடிந்ததும் அந்தப் பலகையை ஸ்க்ரூ தலை தெரியக்கூடாது என்று ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே மைக்காவும் போட்டேன். அன்று அதை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

கைப்பிடி வைக்க முடியாதே, அதனால் புஷ் லாட்ச். அழுத்தினால் உள்ளே 3 மி.மீ. போய்த் துள்ளி வெளியே வரும். நான்காம் நாள் காலை வேலைக்கு வரும் அக்கா வீடு துடைத்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாரு, அலமாரிக்குப் பல்லு மொளச்சிருக்கு." மாப் இடித்தது, டிராயர் பாந்தமாக வெளியே வந்து நின்றது. தினமும் மாப் இடிக்கும் உயரத்தில் அழுத்தினால் திறக்கும் பூட்டை வைத்தவன் நான். அக்காவிடம் மறைக்க ஒன்றுமில்லை, பத்து வருஷமாக வருகிறவர். ஆனாலும் ஏமாற்றம்தான். லாட்ச்சின் முனையைத் திருகிப் பின்தள்ளி, பலமாக அழுத்தினால் மட்டும் திறக்கும்படி செய்து சமாளித்தேன்.

அப்புறம் 2021 நவம்பர். அந்த வருஷ மழை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டிராயரின் முகத்துக்கு நான் போட்டிருந்தது வீட்டில் கிடந்த சாதாரண 18 மி.மீ. பிளைவுட் துண்டு. முன்பக்கம் மைக்கா ஒட்டினேன், கீழ் விளிம்பை அப்படியே விட்டேன். தரைக்கும் அதற்கும் 2 மி.மீ.தான் இடைவெளி, வலது மூலையில் டைல் மேடாக இருந்ததால் அதுவும் இல்லை. மழை ஈரம், தினம் துடைக்கும் தண்ணீர், இரண்டையும் குடித்துப் பலகையின் அடி உப்பிவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை வங்கிக்கு மூலப் பத்திரம் கொண்டுபோக வேண்டும். அழுத்தினேன். அசையவில்லை. உதைத்தேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, திருடன் வந்தாலும் இப்படித்தான் கஷ்டப்படுவானா?"

"ஆமாம்மா."

"அப்ப சரி."

அடிப்பலகையைக் கழற்றலாம் என்றால் அதைத்தான் ஒட்டித் தொலைத்திருக்கிறேனே. கடைசியில் புது மைக்காவின் நட்டநடுவில் துளை போட்டு, இரண்டரை அங்குல ஸ்க்ரூவைப் பாதி இறக்கி, தலையைக் குறட்டால் பிடித்து, காலை அலமாரியில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். மூன்றாம் இழுப்பில் முகப்பலகை மட்டும் பிய்ந்து என் மடியில் விழுந்தது. டிராயர் உள்ளேயே இருந்தது. அதைக் கையால் இழுத்துவிட்டேன், பத்திரம் உலர்ந்துதான் இருந்தது. ஒளித்துவைப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவசரத்துக்கு, அதுவும் என்னைவிடப் பலம் குறைந்த ஒருவர், எப்படித் திறப்பார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

2022 பொங்கல் விடுமுறையில் மூன்றாம் சுற்று. முகத்துக்கு இந்த முறை 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. பலகை (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), துண்டு விற்பவரிடம் 340 ரூபாய். தண்ணீர் குடிக்காது. கீழே 4 மி.மீ. இடைவெளி விட்டேன். நிழலில் இருப்பதால் 2க்கும் 4க்கும் வித்தியாசம் தெரியவே இல்லை, நான்தான் வீணாகக் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறேன். ஒன்று கவனம், இந்தப் பலகையில் ஸ்க்ரூ பிளைவுட்டில் பிடிப்பதுபோல் பிடிக்காது. முன்பக்கம் தலை அமிழ்ந்த போல்ட் இறக்கி, பின்னால் வாசரும் நட்டும் போட்டேன், அதன்பிறகு மைக்கா ஒட்டித் தலைகளை மூடினேன்.

பூட்டுக்குக் குழந்தைகள் அலமாரியைத் திறக்காமல் இருக்க விற்கும் காந்தப் பூட்டு. பூட்டு உள்பக்கம், வெளியே காந்தச் சாவியை நேர் எதிரே வைத்தால் கொக்கி விலகும். இரண்டு சாவியோடு 549 ரூபாய். 18 மி.மீ. தாண்டி, மைக்காவும் தாண்டிக் காந்தம் எட்டவில்லை. பூட்டு உட்காரும் இடத்தில் 35 மி.மீ. கீல் துளை போடும் பிட்டால் 7 மி.மீ. ஆழத்துக்குக் குழித்தேன், அதன்பிறகு 'டிக்' என்று கேட்டது.

திறந்துகொண்டாலும் வெளியே வர ஒரு தள்ளல் வேண்டுமே? கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை 8 மி.மீ. கனத்தில் தாங்கு கட்டை மேல் ஒட்டினேன். மூடும்போது நசுங்கும், பூட்டு விலகினால் 5 மி.மீ. முன்தள்ளும், ஓரத்தில் நகம் கொடுத்து இழுக்கலாம். இதில் எதிர்பாராத ஒன்று. ஸ்பாஞ்ச் தள்ளுவதால் கொக்கி இறுகி நிற்கிறது, காந்தத்தை மட்டும் வைத்தால் விலகாது. காந்தத்தை வைத்து, முகத்தை லேசாக உள்ளே அழுத்தி, விட வேண்டும். முதலில் குறை என்று நினைத்தேன். பிறகு, காந்தம் கையில் கிடைத்தவனுக்கும் இது தெரியாதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அடிப்பலகையில் ஒட்டியதைப் பெயர்த்துவிட்டு வெறும் ஆறு ஸ்க்ரூ, மேலே செய்தித்தாள். எது கெட்டுப்போனாலும் மேலிருந்து திறக்கலாம். டிராயருக்குள் கரையான் மருந்து ஒரு பூச்சு, காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கு. உள் உயரம் 64 மி.மீ. கிடைத்தது. பத்திரத்தை மடிக்காமல் வைக்கலாம், நகைப்பெட்டியில் உயரமானது மட்டும் போகாது.

செலவு: சானல் 420, டிராயருக்கு நல்ல 12 மி.மீ. பிளைவுட் 760, மைக்கா 1,250, டபிள்யூ.பி.சி. 340, பூட்டு 549, ஃபெவிகால், போல்ட், ஸ்பாஞ்ச் எல்லாம் 230. கூட்டினால் 3,549. வீணாய்ப் போன புஷ் லாட்ச் 160 தனி. தீப்பிடித்தால் இது ஒரு நிமிஷம் தாங்காது, கடப்பாரை வைத்திருப்பவனுக்குப் பூட்டும் இல்லை. தேடத் தெரியாதவன் கண்ணில் படாது, அவ்வளவுதான். பத்திரத்தின் நகல்கள் தங்கை வீட்டிலும் இருக்கின்றன.

அடுத்த முறை செய்தால் தரையில் செய்யமாட்டேன். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. திறக்கும்போதெல்லாம் கீழே உட்கார்ந்து எழ இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. இடுப்பு உயரத் தட்டில் பின்பலகையை 60 மி.மீ. முன்னால் கொண்டுவந்து அதற்குப் பின்னால் வைப்பேன். தாத்தாவின் பெட்டி மாதிரி அளந்தால் மாட்டிக்கொள்ளும்தான், ஆனால் புடவை அடுக்குக்குப் பின்னால் யார் ஸ்கேல் வைக்கப் போகிறார்கள்? டிராயரின் உட்புறம் முழுக்க வெல்வெட் துணியும் ஒட்டுவேன். அதற்குக் காரணம் போன மாதம்தான் தெரிந்தது.

அலமாரியை ஏற்ற நான்கு பேர் வந்தார்கள். டிராயரைக் காலி செய்து பூட்டிவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாய்த்தார்கள். உள்ளே ஏதோ சரசரவென்று ஓடி 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. மேஸ்திரி அலமாரியைத் தோளில் தாங்கியபடியே, "அண்ணே, அடியில அறையில ஏதோ இருக்கு, எடுத்துட்டுத் தூக்கலாமா?" என்றார். இறக்கி வைத்துத் திறந்தேன். பின்பக்கம், சானலின் இரும்பில் ஒட்டிக்கொண்டு, ஒரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த இரண்டாவது காந்தச் சாவி.